பாவடியில பொறந்த ஆர்டர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல ஓரமா, ஆர்டர்ங்கற வார்த்தைய பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அம்மாபேட்டையில இருந்து ஆத்தூர் வரைக்கும், மேல ஏற்காட்டுல இருந்தும் கார்டும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சிடுச்சு. எல்லாத்தையும் போட எடம் இல்ல. வந்த ஆர்டர்ல போடாம எனக்கு தோதான ஆர்டர்ல போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: வாத்தியார் சார், என் பையன் ஆறாவது படிக்கிறான். கணக்கு சார் அசெண்டிங் ஆர்டர்ல எழுதுன்னு சொல்றாராம், ஹோட்டலுக்கு போனா சர்வர் ஆர்டர் சொல்லுங்கன்னு நிக்கிறார், எங்க வீட்டுக்காரர் நெலத்து தகராறுல கோர்ட் ஆர்டர் வரணும்னு ரெண்டு வருசமா அலையறார். மூணும் ஒரே வார்த்தையாம்மான்னு பையன் கேக்கறான், எனக்கு சொல்ல தெரியல.
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: ஒரே வார்த்தை தாம்மா. அதுவும் அம்மாபேட்டையில இருந்துகிட்டு நீங்க இத கேக்கறது தான் எனக்கு சந்தோசம், ஏன்னா இந்த வார்த்தை பொறந்ததே தறியில. லத்தீன்ல ஆர்டோன்னு ஒரு சொல், வரிசைன்னு அர்த்தம், அதோட ஆதி அர்த்தம் தறியில இழுத்து வச்ச நூல் வரிசைன்னு சொல்லாராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கூடப்பொறந்த வினைச்சொல் ஒண்ணு இருக்கு, ஆர்டிரி. அதுக்கு அர்த்தம் நெசவ ஆரம்பிக்கறது, அதாவது பாவு போடறது, பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடற நூல்.

எங்க அப்பா சேலத்துல குகைங்கற ஏரியாவுல தறி வச்சிருந்தவர். நான் சின்னப் பையனா இருக்கறப்ப விடியக்காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி பாவடிக்கு கூட்டிட்டு போவார். பாவடின்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், தறிக்காரங்க பாவ நீட்டமா இழுத்துக் கட்டி கஞ்சி போடறதுக்குன்னு விட்டு வச்ச காலி எடம், இப்ப முக்காவாசி எடத்துல பேர் மட்டும் தான் மிச்சம். அங்க ஆயிரக்கணக்கான இழை ஒண்ணு பக்கத்துல ஒண்ணா படுத்திருக்கும், பெரிய பிரஷ் மாதிரி ஒண்ண வச்சு ரெண்டு பேர் இந்த பக்கம் ஒருத்தர் அந்த பக்கம் ஒருத்தர்னு கஞ்சிய தேச்சுகிட்டே நடப்பாங்க. இதுல நான் ரொம்ப நாள் புரியாம பாத்த விசயம் ஒண்ணு உண்டு. பாவுக்கு குறுக்கால ரெண்டு குச்சி செருகி இருக்கும். ஒரு இழை மொத குச்சிக்கு மேல போயி ரெண்டாவது குச்சிக்கு அடியில போகும், பக்கத்து இழை அப்படியே மாத்தி. எதுக்குப்பான்னு கேட்டேன். காத்தடிச்சு மொத்த பாவும் ஒண்ணோட ஒண்ணு பின்னிகிட்டாலும் அந்த குச்சிகிட்ட வந்து பாத்தா எது அஞ்சாவது இழை எது ஆறாவது இழைன்னு தெரிஞ்சிடும்டா, அந்த குச்சி உருவிகிட்டா மட்டும் செத்தோம்னார். அந்த ரெண்டு குச்சி காப்பாத்துது பாருங்க, அது தான் லத்தீன்காரன் சொன்ன ஆர்டோ.

அங்கிருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்தப்ப மொதல்ல போயி ஒட்டிகிட்டது சாமியாருங்க கூட்டத்துல, சுமார் 1200 வாக்குல. ஒரே விதிக்கு கட்டுப்பட்டு வரிசையா வாழ்ற துறவிங்க கூட்டம் ஒரு ஆர்டர். அப்பறம் எதெல்லாம் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு வருதோ அதெல்லாம் ஆர்டர், உங்க பையனோட ஏறுவரிசை இங்க வந்துடுச்சு. 16ஆம் நூற்றாண்டுல தான் கட்டளைங்கற அர்த்தம் ஏறுது. வரிசை கலையாம இருக்கணும்னா எவனாவது ஒருத்தன் நீ இங்க நில்லு நீ அங்க நில்லுன்னு சொல்லணுமில்ல, அவன் சொன்ன சொல்லும் ஆர்டர் ஆயிடுச்சு. உங்க வீட்டுக்காரர் தேடற கோர்ட் ஆர்டர் இந்த வகை. ஹோட்டல் ஆர்டர் எல்லாத்துக்கும் கடைக்குட்டி, 19ஆம் நூற்றாண்டுல தான் வருது. ரெண்டு இட்லி ஒரு வடைன்னு நீங்க சொல்றதும் ஒரு கட்டளை தான், என்ன, காசு குடுத்துட்டு போடற கட்டளை.

பையன்கிட்ட ஒரு புடவை முந்தானைய பிரிச்சு காட்டி சொல்லுங்க, நான் சொல்றத விட சீக்கிரம் புரியும்.

கேள்வி: ஐயா, நான் கொலுசு பட்டறை வச்சிருக்கேன். வடக்க இருக்கற வியாபாரிங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போடணும். வீ ஆர்டர்டு ஃபார் சில்வர்னு போட்டா என் பொண்ணு சிரிக்கிறா. ஆனா யுவர் ஆர்டர் ஃபார் ஆங்க்லெட்ஸ்னா சரிங்கறா. ஒரு எடத்துல ஃபார் வரலாம் இன்னொரு எடத்துல கூடாதுன்னா என்னங்கய்யா நியாயம்?
(வாசகர், செவ்வாய்பேட்டை)

பதில்: நியாயம் உங்க பொண்ணு பக்கம் தான். ஆர்டர்ங்கறது பெயர்ச்சொல்லா நிக்கறப்ப ஃபார் சேக்கலாம், 200 ஜோடி கொலுசுக்கான ஆர்டர்னு தமிழ்ல க்கான வருது பாருங்க அது மாதிரி. வினைச்சொல்லா வந்தா ஃபார் வேண்டாம், நேரா பொருள சொல்லிடணும், வீ ஆர்டர்டு சில்வர், அவ்ளோ தான். அப்பவும் ஃபார் போட்டா அது யாருக்காகன்னு சொல்ற எடம். ஐ ஆர்டர்டு எ தோசை ஃபார் மை டாட்டர்னா பொண்ணுக்காக தோசை சொன்னேன்னு அர்த்தம். ஐ ஆர்டர்டு ஃபார் எ தோசைன்னு சொன்னா தோசைக்கு சாப்பாடு சொன்ன மாதிரி ஆயிடும். ஆனா ஒண்ணு, நம்ம நாடு பூரா இந்த தப்ப பண்றாங்க, ஐடி கம்பெனில இருக்கறவங்களும் பண்றாங்க, அதனால நீங்க மட்டும் வெக்கப்பட வேண்டியதில்ல.

உங்க தொழிலுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லிடறேன். ஆர்டர் குடுக்கறத பிளேஸ்னு சொல்வாங்க, நீங்க எடுக்கறது டேக், சரக்க முடிச்சு அனுப்பறது ஃபில். கேட்டு செய்யற கொலுசு மேட் டு ஆர்டர், கடைக்கண்ணாடில தொங்கறது ரெடிமேட். ஆன் ஆர்டர்னு யாராவது எழுதினா சரக்கு கையில இல்ல, சொல்லி வச்சிருக்கு, வரணும்னு அர்த்தம். தீபாவளி நேரத்துல ஒருத்தன் ஸ்டாக் இருக்கான்னு கேட்டு இன்னொருத்தன் ஆன் ஆர்டர்னு பதில் போட்டா அத இருக்குன்னு எடுத்துகிட்டு அட்வான்ஸ் அனுப்பிடாதீங்க.

கேள்வி: எங்க சொத்து கேசுல வக்கீல் தாக்கல் பண்ண மனுவுல ஆர்டர் 39 ரூல் 1 அண்ட் 2ன்னு போட்டிருக்கு. அப்படின்னா ஏற்கனவே 39 ஆர்டர் போட்டுட்டாங்களா? எங்களுக்கு ஒண்ணு கூட வரலயே சார்.
(வாசகர், ஆத்தூர்)

பதில்: பயப்படாதீங்க, ஒரு ஆர்டரும் போடல. நான் படிச்ச லெட்டர்லயே எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது, ஏன்னா நாப்பது வருசத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி முழிச்சிருக்கேன்.

1908ல வந்த சிவில் நடைமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, சிவில் கேசு எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டம். அதுல மொத பாதி செக்சன், 158 செக்சன். பின்னாடி ஒட்டி இருக்கற மொத அட்டவணைய அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பேர் தான் ஆர்டர், மொத்தம் 51. அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு விதியும் ரூல். அப்ப ஆர்டர் 39ன்னா 39வது அத்தியாயம், அது தற்காலிக தடை கேக்கறத பத்தினது. கோர்ட்ல தமிழ்ல உறுத்துக்கட்டளைன்னு எழுதுவாங்க. கேசு முடியற வரைக்கும் எதிர்ப்பார்ட்டி அந்த எடத்துல கைய வைக்கக்கூடாதுன்னு உங்க வக்கீல் கேட்டிருக்கார், அதுக்கு எந்த விதிய வச்சு கேக்கறேன்னு மேல எழுதணும், அது தான் அந்த நம்பர். ஜெயிச்ச பிறகு தீர்ப்ப நிறைவேத்த போறப்ப ஆர்டர் 21னு ஒண்ணு வரும், அப்பவும் பயப்படாதீங்க.

அதே சட்டத்துலயே ஆர்டருக்கு இன்னொரு அர்த்தமும் எழுதி வச்சிருக்காங்க, செக்சன் 2 உட்பிரிவு 14. சிவில் கோர்ட் முறைப்படி சொல்ற முடிவுல எது டிகிரி இல்லையோ அது ஆர்டர். டிகிரிய தமிழ்ல தீர்ப்பாணைன்னு சொல்றாங்க, கேசுல யாருக்கு என்ன உரிமைன்னு கடைசியா முடிச்சு சொல்றது. அதுக்கு என்ன காரணம்னு ஜட்ஜ் எழுதறது ஜட்ஜ்மெண்ட், தீர்ப்பு. ஆக ஒரே புஸ்தகத்துல ஆர்டர் அத்தியாயமாவும் இருக்கு, கோர்ட்டோட முடிவாவும் இருக்கு. ஆர்டர் 39ல கேட்டு ஆர்டர் வாங்கினோம்னு ஒரு வக்கீல் சொன்னா அந்த வாக்கியத்துல ரெண்டு ஆர்டருக்கும் அர்த்தம் வேற வேற.

இதோடவே இன்னொரு வாசகர் கேட்டதுக்கும் சொல்லிடறேன். சினிமாவுல ஜட்ஜ் மரச்சுத்திய தட்டி ஆர்டர் ஆர்டர்னு கத்தறார்ல, நம்ம கோர்ட்ல அப்படி ஒரு சுத்தியே கெடையாது. நம்பலன்னா அஸ்தம்பட்டி பக்கம் போறப்ப கோர்ட்டுக்குள்ள எட்டிப்பாருங்க. ஆர்டர் ஆர்டர்னு நெசமாவே தெனமும் சொல்றவர் லண்டன் பார்லிமெண்ட்ல சபாநாயகர். அங்க அதுக்கு உத்தரவு போடறேன்னு அர்த்தம் இல்ல, அமைதியா ஒழுங்கா இருங்கப்பான்னு அர்த்தம். நம்ம சட்டசபையில பாயிண்ட் ஆஃப் ஆர்டர் எழுப்பறாங்கன்னு பேப்பர்ல ஒழுங்குப் பிரச்சனைன்னு வருமே அதுவும் இந்த ஒழுங்கு தான். சபை நடைமுறை விதிப்படி நடக்குதான்னு கேக்கறது.

கேள்வி: லிப்ட்ல அவுட் ஆஃப் ஆர்டர்னு போர்டு. வரிசைய விட்டு வெளிய போயிடுச்சுன்னு தானே அர்த்தம் வரணும்? ரிப்பேர்னு எப்படி வந்துச்சு?
(வாசகர், மேட்டூர்)

பதில்: ஒரு மிசினுக்குள்ள ஒவ்வொரு பாகமும் அது அது எடத்துல இருந்தா தான் ஓடும். ஒண்ணு எடம் மாறினா மொத்தமும் நின்னுடும், அதனால ரிப்பேர். அதே வார்த்தைய சபையில சொன்னா விதிக்கு பொறம்பானதுன்னு அர்த்தம், லண்டன்காரன் ஒரு ஆள பாத்து யூ ஆர் அவுட் ஆஃப் ஆர்டர்னு சொன்னா நீ பண்றது அதிகம்டான்னு திட்றான். நீங்க ரிப்பேரான்னு கேட்டு நிக்காதீங்க.

இதோட எதிர்ப்பதம் இன் ஆர்டர். இதால நான் பட்ட பாட்ட சொல்லிக்கறேன். ரிட்டையர் ஆனப்ப பென்சன் பேப்பர் எல்லாம் கட்டி ஒரு ஆபீஸ்ல குடுத்தேன், எந்த ஆபீஸ்னு வேண்டாம். பத்து நாள் கழிச்சு திரும்பி வந்துச்சு, மேல பென்சில்ல பேப்பர்ஸ் நாட் இன் ஆர்டர்னு ஒரே வரி. இங்கிலீஷ் வாத்தியாருக்கு இங்கிலீஷ்ல எழுதி குடுத்துட்டாங்களா, எனக்கு தெரிஞ்ச அர்த்தம் முறையா இல்ல, குறை இருக்குன்னு. சரி எங்க குறைன்னு ஒவ்வொரு பக்கமா பாத்தேன், பேர்ல எழுத்துப்பிழையா, தேதியா, கையெழுத்தா, ஒண்ணும் இல்ல. சந்தேகத்துக்கு எல்லாத்தையும் மறுபடி ஜெராக்ஸ் போட்டு மறுபடி அட்டஸ்டேசன் வாங்கி கொண்டு போனேன், திரும்பவும் அதே வரி. மூணாவது தடவை நேர்லயே போயி என்னம்மா குறைன்னு கேட்டேன். அந்த பொண்ணு கட்ட வாங்கி பொரட்டிச்சு, நாலாவது பக்கம் ஆறாவது பக்கத்துக்கு பின்னாடி இருந்துச்சு, உருவி முன்னாடி வச்சு டேக் கட்டி, இப்ப சரிங்க சார்னு சொல்லி சீல் குத்திடுச்சு. ஒரு மாசம் போச்சு எனக்கு. அகராதிப்படி பாத்தா அது எழுதினதுல தப்பே இல்ல, நாட் இன் ஆர்டர்னா வரிசையா இல்லன்னும் அர்த்தம் தான். முப்பத்தாறு வருசம் இங்கிலீஷ் நடத்தினவனுக்கு அந்த மொத அர்த்தம் மட்டும் தோணவே இல்ல. பக்கம் மாறியிருக்குன்னு தமிழ்ல ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

கேள்வி: நாங்க ஏற்காட்டுல காபித்தோட்டத்துல இருக்கோம். பொண்ணு பிளஸ் ஒன், பயாலஜி. அதுலயும் ஆர்டர்னு வருது. எங்க மேல இருக்கற சாமியார் ஸ்கூல்லயும் ஆர்டர்ங்கறாங்க. ரெண்டும் என்னங்க சார்?
(வாசகி, ஏற்காடு)

பதில்: பயாலஜியில ஆர்டர்ங்கறது ஒரு படி. வகுப்புக்கு கீழ, குடும்பத்துக்கு மேல. ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1735ல உயிர்கள வகை பிரிச்சு புஸ்தகம் போட்டப்பவே ஆர்டர்னு ஒரு படி வச்சிருந்தார். உங்களுக்கு இத புஸ்தகத்த வச்சு சொல்லவே வேண்டாம், தோட்டத்துல நின்னு சொல்லலாம். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்து வச்ச காபி இருக்குல்ல, அது ஜென்ஷியனேல்ஸ்ங்கற ஆர்டர். காபிக்கு நெழல் குடுக்கற சில்வர் ஓக் மரம் புரோட்டியேல்ஸ். அந்த மரத்து மேல ஏறி படர்ற மொளகு பைப்பரேல்ஸ். ஓரத்துல நிக்கற கமலா ஆரஞ்சு சாபிண்டேல்ஸ். ஒரு எடத்துல நின்னு கைய நீட்டினா நாலு ஆர்டர். செடிகொடில ஆர்டர் பேர் எல்லாம் ஏல்ஸ்னு முடியும்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க, பரீட்சையில ஒரு மார்க்குக்கு உதவும்.

சாமியார் ஆர்டர் நான் மேல சொன்ன 1200 கால அர்த்தம், ஒரே விதிக்குள்ள வாழ்ற துறவிங்க. பிரான்சிஸ்கன், டொமினிக்கன், பெனடிக்டைன் இதெல்லாம் அந்த வகை. உங்க ஊர்ல 1917ல மான்ஃபோர்ட் ஸ்கூல ஆரம்பிச்ச கேப்ரியல் பிரதர்ஸ பேச்சுவழக்குல ஆர்டர்னு சொன்னாலும் திருச்சபை கணக்குல அவங்க காங்கிரிகேசன், தமிழ்ல சபைன்னு சொல்லிட்டா ரெண்டுக்கும் பொதுவா போயிடும்.

கேள்வி: ஆர்டினரி பஸ்ஸுக்கும் ஆர்டருக்கும் சம்பந்தம் இருக்கா சார்? சும்மா தான் கேக்கறேன்.
(காலேஜ் மாணவர், ஓமலூர்)

பதில்: சும்மா கேட்டாலும் சரியா கேட்டிருக்கீங்க. இருக்கு. ஆர்டினரின்னா வழக்கமான வரிசையில வர்றது, அதனால சாதாரணம். வரிசைய தாண்டி நின்னா எக்ஸ்ட்ராஆர்டினரி. கவர்னர் போடற ஆர்டினன்ஸ், சாமியார் பட்டம் குடுக்கற ஆர்டினேசன், நமக்கு கீழ வரிசையில நிக்கற சபார்டினேட், எல்லாத்தையும் ஒண்ணா வரிசைப்படுத்தற கோஆர்டினேட்டர், அத்தன பேரும் ஒரே பாவுல வந்த இழை. ஆர்டர்லியும் தான், பட்டாளத்துல ஆபீசர் போட்ட ஆர்டர தூக்கிட்டு ஓடினவன் ஆர்டர்லி. ஏற்காட்டுக்கு ஆர்டினரி பஸ்ல போனா இருவது கொண்டை ஊசி வளைவையும் நம்பர் பலகை பாத்து எண்ணிகிட்டே போவோம், அத விட ஆர்டரான பயணம் உண்டா.

கேள்வி: கணக்குல மேட்ரிக்ஸ் ஆர்டர் 2 பெருக்கல் 3ன்னா என்ன? அதையே 3 பெருக்கல் 2ன்னு எழுதினா தப்புன்னு அடிச்சுட்டாங்க. பெருக்கினா ஆறு தானே வருது?
(மாணவி, எடப்பாடி)

பதில்: ஆறு வரும், ஆனா அது ஆறு இல்லம்மா. மொத நம்பர் படுக்கை வசத்துல எத்தன வரின்னு, ரெண்டாவது நின்ன வசத்துல எத்தன வரின்னு. ரெண்டு வரியில மூணு மூணா ஆறு டம்ளர் வைக்கறதும் மூணு வரியில ரெண்டு ரெண்டா வைக்கறதும் ஒண்ணா? டம்ளர் ஆறு தான், அடுக்கு வேற. நம்ம தமிழ் புஸ்தகத்துல இத எப்படி வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா, மேட்ரிக்ஸ் அணி, படுக்கை வரி நிரை, நின்ன வரி நிரல், ஆர்டர் வரிசை. பழந்தமிழ்ல இந்த நாலுமே வரிசைங்கற ஒரே அர்த்தத்துக்கு கிட்டக்க வர்ற சொல்லு. யாரோ உக்காந்து நாலு சொல்லையும் எடுத்து நாலு வேலைக்கு பிரிச்சு குடுத்திருக்காங்க. படிக்கற காலத்துல எனக்கு இது எரிச்சலா இருந்துச்சு, இப்ப ரசிக்கிறேன்.

கேள்வி: இன் ஆர்டர் டுன்னா என்ன, ஆஃப் தி ஆர்டர் ஆஃப்னா என்ன? ஒரே குழப்பம்.
(வாசகர், சங்ககிரி)

பதில்: மொதல்ல சொன்னது காரணம், வேலை வாங்கறதுக்காகன்னு சொல்றோமே அந்த க்காக. பாதி எடத்துல வெறும் டு போட்டாலே போதும், நீட்டறதே ஆபீஸ் லெட்டர் பழக்கம். ரெண்டாவது சொன்னது ஏறக்குறைய இந்த அளவுன்னு அர்த்தம். இதுல இருந்து வந்தது தான் ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட், ஒரு ஆர்டர் கூடினா பத்து மடங்கு, ரெண்டு ஆர்டர் கூடினா நூறு மடங்கு. நேத்து நாப்பது ரூவாய்க்கு வித்த பூ இன்னிக்கு முகூர்த்த நாள்னு நானூறுக்கு போனா ஒரு ஆர்டர் ஏறிடுச்சு.

கேள்வி: இங்கிலீஷ்ல பேசறப்ப பெயருக்கு முன்னாடி நாலஞ்சு அடைமொழி வந்தா எத முன்னாடி போடறது? ஒயிட் ஓல்டா, ஓல்ட் ஒயிட்டா?
(வாசகி, பொன்னம்மாபேட்டை)

பதில்: ஓல்ட் ஒயிட். இங்கிலீஷ்காரங்க பள்ளிக்கூடத்துல படிக்காமயே நாக்குல வச்சிருக்கற வரிசை இது. மொதல்ல நம்ம அபிப்பிராயம், அப்பறம் சைசு, வயசு, உருவம், கலர், ஊரு, எதால செஞ்சது, கடைசில எதுக்குன்னு. நம்ம ஊர் சரக்கையே வச்சு பாப்போம், புவிசார் குறியீடு வாங்கின சேலம் வெண்பட்டு வேட்டி. எ பியூட்டிஃபுல் ஓல்ட் ஒயிட் சேலம் சில்க் தோத்தி. இதுல எத மாத்தி வச்சாலும் அவங்க காதுல கல்லு கடிச்ச மாதிரி இருக்கும், ஆனா ஏன்னு கேட்டா சொல்ல தெரியாது.

நமக்கும் நாக்குல ஒரு வரிசை இருக்கு, கவனிக்கறது இல்ல. சேலத்து பழைய வெள்ளை பட்டு வேட்டின்னு ஊர தூக்கி முன்னாடி போடுவோம், அவங்க கலருக்கு பின்னாடி போடறாங்க. ஆனா பட்டுங்கறது மட்டும் ரெண்டு பாஷையிலயும் வேட்டிய ஒட்டியே நிக்கும். பட்டு வெள்ளை வேட்டின்னு சொல்லிப்பாருங்க, ஒதைக்குதா இல்லையா.

கேள்வி: இவ்ளோ பேசறீங்களே, ஆர்டருக்கு தமிழ்ல என்னய்யா? ஆர்டர் ஆர்டர்னே சொல்லிட்டு திரிய வேண்டியது தானா?
(வாசகர், குகை)

பதில்: நம்ம தெருக்காரர் போல இருக்கு, கோவத்துலயே தெரியுது. ஒரு சொல் இல்ல, ஆறேழு இருக்கு, சிக்கலே அது தான். நிக்கறதுக்கு வரிசை, நடந்துக்கறதுக்கு ஒழுங்கு, சட்டம் ஒழுங்குன்னு போலீஸ் ஸ்டேசன் போர்டுலயே இருக்கு. கவர்மெண்ட் போட்டா அரசாணை, கலெக்டர் போட்டா தடை உத்தரவு. அந்த 144 கூட இப்ப பழைய நம்பர், 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டத்துல அது 163, ஊர் வாயில மட்டும் 144 தான். பழைய காலத்து மில்லுல ஸ்டேண்டிங் ஆர்டர்ஸ்னு ஒட்டியிருப்பாங்க, நிலையாணைகள். கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல். இங்கிலீஷ்காரன் சொல்றவனோட கட்டளையையும் நிக்கறவனோட வரிசையையும் ஒரே மூட்டையில கட்டிட்டான், நம்மாளு தனித்தனியா வச்சிருக்கான். எனக்கு நம்ம ஏற்பாடு தான் ஒசத்தி. என் பென்சன் கட்டு மேல வரிசையில இல்லன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா நான் எதுக்கு அலையறேன்.

ஆனா ஒரே ஒரு தமிழ்ச் சொல் ஆர்டர் மாதிரியே ரெண்டு பக்கமும் நிக்குது, கட்டளை. அதட்டி சொல்றதும் கட்டளை. யாப்புல கட்டளைக் கலித்துறைன்னு ஒண்ணு இருக்கு, அடி நேரசையில ஆரம்பிச்சா 16 எழுத்து, நிரையசையில ஆரம்பிச்சா 17 எழுத்து, புள்ளி வச்ச ஒத்தெழுத்த எண்ணாம. ஒண்ணு கூடவும் கூடாது கொறையவும் கூடாது. அங்க யாரும் யாரையும் அதட்டல, எண்ணி அடுக்கின ஒழுங்குக்கு பேர் கட்டளை. ஆத்தூர்காரர் கேசுல வர்ற ஆர்டர் 39ஐ தமிழ்ல எழுதற வக்கீலுங்க கட்டளை 39னு தான் எழுதறாங்க, தெரிஞ்சு வச்சாங்களோ தெரியாம வச்சாங்களோ, சரியான எடத்துல கைய வச்சிருக்காங்க.

ஹோட்டல்ல மட்டும் ஆர்டர்னே சொல்லிட்டு போங்க, இல்லன்னா நம்ம அப்பா மாதிரி சொல்லியாச்சான்னு கேளுங்க. ரெண்டு தோசை சொல்லியிருக்கேன்னு சொன்னா சேலத்துல எந்த சர்வருக்கு புரியாது?

கேள்வி: சார், தட்டுவடை செட்டுங்கறாங்களே, அது ஏன் செட்? ஆர்டர்னு வச்சிருக்கலாமே?
(வாசகர், பேர் போட வேண்டாம்னு எழுதியிருக்கார்)

பதில்: குசும்பு. கடைக்காரர் பண்றத பாத்திருக்கீங்களா, கீழ ஒரு சின்ன தட்டுவடை, அது மேல ரெண்டு விதமா சட்னி, செவப்பு ஒண்ணு பச்சை ஒண்ணு, துருவின கேரட்டு பீட்ரூட்டு வெங்காயம் கலந்தத ஒரு கிள்ளு, மேல இன்னொரு தட்டுவடைய மூடி ஒரு அமுக்கு. ஆர்டர் மாறி சட்னிய மேல ஊத்தி குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க, அதனால அதுக்குள்ள ஆர்டர் இருக்கு. ஆனா பேர் செட் தான், ஜோடி சேந்து ஒண்ணா நிக்கறதுக்கு. செட்ட பத்தி இப்ப ஆரம்பிச்சா தாங்காது. 1989ல வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதி ரெண்டாம் பதிப்புல இருக்கறதுலயே நீளமான வார்த்தை விளக்கம் அதுக்கு தான், 430 அர்த்தம். அடுத்த இதழுக்கு அத எடுத்துக்கறேன், கேள்வி அனுப்புங்க. மணி ஆறாச்சு, இந்நேரம் தெருமுனையில கடை போட்டிருப்பார், ரெண்டு செட்டு சொல்லிட்டு வரேன்.